பிள்ளையின் பல் யாருடைய கணக்கில்?



போன மாதம் முகத்துவாரம் போயிருந்தோம். புறக்கோட்டைக் கடைகளிலும் கொட்டாஞ்சேனைச் சாப்பாட்டுக் கடைகளிலும் வேலை செய்கிற நம் மலையகத்துப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து அங்கே ஒரு தோட்டத்தில் அறை எடுத்திருக்கிறார்கள். ஆமாம், கொழும்பில் அதற்கும் தோட்டம் என்றுதான் பெயர். தேயிலை இல்லாத தோட்டம். ஒட்டிக்கொண்டு நிற்கும் வீடுகளையும், இரண்டு குடும்பத்துக்கு ஒரு சுவரையும், பைப்படி வரிசையையும் பார்த்தால் நம் லயம் மலையிறங்கிக் களனி கங்கை கடலில் விழும் இடத்துக்கு வந்து குந்திக்கொண்டது போல இருக்கும். சேமலாப நிதி பற்றிப் பேசத்தான் ஞாயிற்றுக்கிழமை அவர்களைக் கூட்டினோம். பேச்சு பல்லில் போய் நின்றது.

அந்தக் கூட்டத்தில் இருந்த ஒருவன் எங்களிடம் படித்தவன். இப்போது இருபது வயது. சிரிக்கும்போதெல்லாம் கையால் வாயைப் பொத்திக்கொண்டான். கீழ்த்தாடையில் இரண்டு பக்கமும் கடைவாய்ப் பல் இல்லை, முன்பல் ஒன்று கறுத்துப் போயிருந்தது. முகம் வீங்கி, வலி தாங்க முடியாமல் வார்ட் பிளேஸில் இருக்கிற தேசிய பல் வைத்தியசாலைக்குப் போயிருக்கிறான். ஒரு சதமும் வாங்காமல் பார்த்திருக்கிறார்கள். வந்து எங்களிடம் சொன்னது இது: "டீச்சர், சின்னதுல கொண்டாந்திருந்தா அடச்சிருக்கலாமாம். அது பால்பல்லு இல்லையாம். திரும்ப மொளைக்காதாம்."

அவனுக்குப் பத்து வயதில் அந்தப் பல் வலித்தது எங்களுக்கு ஞாபகம் இருக்கிறது. "விழுற பல்லுதானே, விழுந்தா புதுசு முளைக்கும்" என்று சொன்னவர்களில் நாங்களும் உண்டு. ஒரு கிராம்பைக் கொடுத்துக் கடித்துக்கொண்டிரு என்று வகுப்பில் உட்கார வைத்தோம். சாயங்காலம் அம்மா மலையில் இருந்து இறங்கி வந்து உப்புத் தண்ணீர் கொடுத்திருப்பார். அவ்வளவுதான் அந்தப் பல்லுக்குக் கிடைத்த வைத்தியம். பிறகு ஒருநாள் பிடுங்கினார்கள்.

ஆசிரியர்களாகிய நாங்களே அறியாமல் இருந்த அந்த விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறோம். பிள்ளைக்கு ஆறு வயதாகும்போது, பாற்பற்களுக்குப் பின்னால், தாடையின் கடைசியில் மேலே இரண்டும் கீழே இரண்டுமாக நான்கு பெரிய பற்கள் முளைக்கின்றன. அவை முளைக்க எந்தப் பல்லும் விழுவதில்லை. அதனால் வீட்டில் யாருக்கும் தெரிவதில்லை. பிள்ளைக்கும் தெரியாது. அவைதான் வாழ்நாள் முழுக்கச் சோறு அரைக்க வேண்டிய நிரந்தரப் பற்கள். முளைத்த புதிதில் அவற்றின் மேற்பரப்பில் குழிகள் ஆழமாக இருக்கும், பிரஷ் எட்டாது, சீனி தங்கும். முதலாம் தரத்துப் பிள்ளைக்கு முதலில் சூத்தை விழுவது பெரும்பாலும் அந்தப் பல்லில்தான். நாம் அதைப் பாற்பல் என்று நினைத்துக் கைவிட்டுவிடுகிறோம்.

நம் வாயை யாருமே திறந்து பார்க்கவில்லை என்று சொன்னால் அது பொய். பார்த்தார்கள். உலகத்தில் வேறெந்தத் தொழிலாளியின் வாயையும் பார்க்காத அளவுக்குப் பார்த்தார்கள்.

1970ஆம் ஆண்டு, நோர்வேயில் பிறந்த பல் விஞ்ஞானி ஹரால்ட் லோவும் அவருடன் சேர்ந்தவர்களும் பூண்டுலோயாப் பக்கம் டன்சினன், ஹரோ ஆகிய இரண்டு தேயிலைத் தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளர்களின் வாய்களைச் சோதித்தார்கள். அதில் மிக இளையவருக்கு வயது 14. மூத்தவருக்கு 31. அதே ஆட்களை 1971இலும் 1973இலும் 1977இலும் 1982இலும் 1985இலும் திரும்பத் திரும்ப வந்து பார்த்தார்கள். ஈறு எத்தனை மில்லிமீற்றர் விட்டுப் போயிருக்கிறது, எத்தனை பல் விழுந்திருக்கிறது என்று அளந்து எழுதினார்கள். கடைசி முறை வந்தபோது முதல் நாள் பார்த்தவர்களில் 161 பேர்தான் மிஞ்சியிருந்தார்கள். 2010இல் இன்னொரு குழு வந்து 75 பேரைத் தேடிப் பிடித்துப் பார்த்து, 2017இல் எழுதியது. நாற்பது வருடக் கணக்கு.

ஏன் நம்மைத் தெரிவு செய்தார்கள்? அவர்களே எழுதியிருக்கிறார்கள்: பல் நோயைத் தடுக்கவோ குணப்படுத்தவோ எந்தத் திட்டமும் ஒருபோதும் எட்டாத ஒரு கூட்டம் அவர்களுக்குத் தேவைப்பட்டது. பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்க ஒஸ்லோ நகரத்தில் இன்னொரு கூட்டத்தை எடுத்தார்கள். அங்கே மாணவர்களும் படித்த உத்தியோகத்தர்களும். பாடசாலைக்குப் போகும் முன்பிருந்தே ஒழுங்காகப் பல் பராமரிப்புக் கிடைத்து வளர்ந்தவர்கள். ஒரு பக்கம் எல்லாம் கிடைத்தவன், மறுபக்கம் ஒன்றுமே கிடைக்காதவன். ஒன்றுமே கிடைக்காதவன் நம் தாத்தா.

கிடைத்த கணக்கைக் கேளுங்கள். நூற்றுக்கு 8 பேருக்கு ஈறு நோய் வேகமாகப் பரவியது. அவர்களுக்கு 35 வயதில் 12 பல் போயிருந்தது, 40 வயதில் 20 பல், 45 வயதில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. நூற்றுக்கு 81 பேருக்கு மெதுவாக வந்து 45 வயதில் சராசரி 7 பல்லை எடுத்துக்கொண்டது. மிச்சம் 11 பேர் தப்பினார்கள். ஈறு நோய் பற்றி உலகத்துப் பல் வைத்திய மாணவர்கள் படிக்கிற பாடத்தில் இந்த எண்கள் இன்றும் இருக்கின்றன.

அந்த ஆய்வுக்கு அவர்கள் வைத்த பெயர் "இயற்கை வரலாறு". இந்தச் சொல்லோடுதான் எங்களுக்குச் சண்டை. ஆய்வாளர்களை நாங்கள் வைய வரவில்லை. அவர்கள் கண்டுபிடித்ததால் எத்தனையோ நாட்டில் எத்தனையோ பேரின் பல் தப்பியிருக்கிறது. ஆனால் ஒரு பிரஷ்ஷும் ஒரு வைத்தியரும் எட்டாத வாயில் நோய் வளர்ந்தது இயற்கையா? மழை பெய்வது இயற்கை. கூரைத் தகரம் ஓட்டையாக இருப்பதால் வீட்டுக்குள் ஒழுகுவது இயற்கை இல்லை, அது யாரோ மாற்றாமல் விட்ட தகரம். நூறு வருடத்துக்கு மேல் அந்நியச் செலாவணி உழைத்துக் கொடுத்த ஒரு சமூகத்துக்குப் பல் வைத்தியம் எட்டவில்லை என்பதைத் தீர்மானித்தவர்கள் மனிதர்கள்.

இன்னொன்றையும் அந்த ஆய்வு எழுதியிருக்கிறது, அதை வாசித்தபோது நாங்கள் திகைத்துப் போனோம். அந்தத் தொழிலாளர்களின் பற்களில் சூத்தை ஏறக்குறைய இல்லவே இல்லை. ஈறுதான் போயிற்று. பல் கெட்டியாக இருந்தது. இன்று எங்கள் முதலாம் தரத்துப் பிள்ளைகளை வாய் திறக்கச் சொல்லிப் பாருங்கள். முன்பல் நான்கும் கறுப்புக் குச்சியாக இருக்கும் பிள்ளைக்குப் பக்கத்திலேயே கடைவாயில் குழி விழுந்த பிள்ளை உட்கார்ந்திருக்கும். தாத்தாவின் பரம்பரைச் சொத்தாக ஈறு நோயும் இருக்கிறது, அதற்கு மேல் பேரனுக்குச் சூத்தையும் சேர்ந்துவிட்டது. இடையில் வந்தது என்ன? கடையில் தொங்குகிற சரை, டொபி, கிறீம் பிஸ்கட், நிறத்தண்ணீர், சீனி போட்ட பால்மா. மலைக்கு ரோட்டு வந்தது, லொறி வந்தது. பல் வைத்தியர் வரும் முன்பே பிஸ்கட் கம்பெனி வந்துவிட்டது.

இனி இன்றைய நிலைமைக்கு வருவோம். இந்த நாட்டில் பிள்ளைகளுக்கான பல் சேவை இல்லாமல் இல்லை. 1921இல் நியூசிலாந்து தொடங்கிய முறையைப் பின்பற்றி, 1950களில் அதே நாட்டின் உதவியோடு மஹரகமவில் பாடசாலைப் பல் தாதியருக்குப் பயிற்சி கொடுக்க ஆரம்பித்தார்கள். இன்று அவர்களைப் பாடசாலைப் பற்சிகிச்சையாளர் என்கிறோம். மூன்று வயதில் இருந்து ஏறக்குறைய பதின்மூன்று வயது வரை உள்ள பிள்ளைகளுக்குப் பல் அடைப்பது, சுத்தம் செய்வது எல்லாம் அவர்கள் வேலை, அதுவும் இலவசம். அவர்களின் நிலையங்கள் பெரிய பாடசாலைகளிலும் ஊர் வைத்தியசாலைகளிலும் இருக்கின்றன. ஊரில் இருக்கிற பிள்ளை நடந்து போய்விடும். மேற்பிரிவு லயத்துப் பிள்ளை எப்படிப் போகும்?

இங்கேதான் நம் பிள்ளையின் பல் இரண்டு பேரேடுகளுக்கு நடுவில் விழுகிறது. தோட்டப் பாடசாலைகளை 1977க்குப் பிறகு அரசாங்கம் ஏற்றுக்கொண்டது. டிஸ்பென்சரியும் பிள்ளை மடுவமும் தோட்ட நிர்வாகத்தின் கையிலேயே நின்றன. 1992இல் கம்பெனிகள் வந்தபோதும் அதே கதைதான். ஆறு வயதுப் பிள்ளை காலை எட்டு மணிக்குப் பாடசாலைக் கேட்டுக்குள் இருந்தால் அரசாங்கப் பிள்ளை. இரண்டு மணிக்கு வெளியே வந்தால் தோட்டத்துப் பிள்ளை. பல்லைப் பற்றிக் கேட்டால் தோட்டத்து அலுவலகம் "அது சுகாதாரத் திணைக்களத்து வேலை" என்கிறது. அங்கே போய்க் கேட்டால் வாகனம் இல்லை, ஆள் பற்றாக்குறை, தோட்டத்துக்குள் வர நிர்வாகம் ஒழுங்கு செய்ய வேண்டும் என்கிறார்கள். சில தோட்டங்களுக்குப் பற்சிகிச்சையாளர் வருகிறார், வருகிற இடத்தில் மனதோடு வேலை செய்கிறார், அதை மறைக்கக் கூடாது. ஆனால் அது அந்த ஆளின் நல்ல மனதைப் பொறுத்ததாக இருக்கிறது. நல்ல மனதுக்கு இடமாற்றம் வந்தால் சேவையும் இடம் மாறிப் போய்விடுகிறது.

சிகிச்சை இலவசம், போய் வருவது இலவசம் இல்லை. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு டவுனுக்குப் போனால் அம்மாவின் ஒரு நாள் பேர் போயிற்று. 2024 செப்டம்பரில் அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபாய் என்று வர்த்தமானி போட்டார்கள். அன்றைய நாட்சம்பளம் போயிற்று, பஸ் காசு போயிற்று, வேலைக்கு வந்த நாள் கணக்கில் ஒன்று குறைந்தது. பல் அடைக்க ஒரு தடவை போய் முடியாது, இரண்டு மூன்று தடவை வரச் சொல்வார்கள். பிடுங்குவது ஒரே தடவையில் முடிந்துவிடும். நம் பிள்ளைகளின் பற்கள் அடைக்கப்படாமல் பிடுங்கப்படுவதற்கு இதைவிட வேறு காரணம் தேட வேண்டியதில்லை. தாய்க்கு அக்கறை இல்லை என்று மேடையில் பேசுகிறவர்கள் இந்தக் கணக்கை ஒரு தரம் போட்டுப் பார்க்கட்டும்.

தாயைக் குறை சொல்ல வேண்டாம் என்கிறோம், வீட்டில் செய்யக்கூடியது எதுவும் இல்லை என்று சொல்லவில்லை. நிறைய இருக்கிறது.

பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஆறு மாதமளவில் முதல் பல் வரும். அன்றைக்கே வேலை தொடங்கிவிடுகிறது. முதலில் ஈரத்துணியால் துடைக்கலாம், பிறகு சின்னப் பிரஷ். புளோரைட் உள்ள பற்பசை, மூன்று வயது வரை ஓர் அரிசி மணி அளவு, அதற்குப் பிறகு ஒரு பட்டாணி அளவு. விளம்பரத்தில் காட்டுவது போல பிரஷ் முழுக்கப் பிதுக்குவது கம்பெனிக்குத்தான் நல்லது. பெட்டியில் புளோரைட் 1000 பிபிஎம் அல்லது அதற்கு மேல் என்று இருக்கிறதா பாருங்கள்; இருந்தால் போதும், விலை கூடியதைத் தேட வேண்டாம். துலக்கி முடிந்ததும் துப்பினால் சரி, வாய் நிறையத் தண்ணீர் விட்டுக் கொப்பளித்தால் மருந்தையும் கழுவி ஊற்றிவிடுகிறோம். கரி, செங்கல் தூள், அடுப்புச் சாம்பல் இவையெல்லாம் பல்லைத் தேய்த்துவிடும். ஏழெட்டு வயது வரை பிள்ளை தானாகத் துலக்கினாலும் பெரியவர் ஒருவர் திரும்பத் துலக்கிவிட வேண்டும். முக்கியம் இராத்திரித் துலக்கல்தான். காலையில் பிரட்டுக்கு ஓடுகிற அவசரத்தில் விட்டுப்போனாலும் இராத்திரி விடக் கூடாது.

பிறகு அந்தச் சூப்பிப் போத்தல். பிள்ளை அழாமல் தூங்க வேண்டும் என்று சீனி போட்ட பிளேன்டியையோ பால்மாவையோ ஊற்றி வாயில் வைத்துவிடுகிறோம். விடிய விடிய ஒரு பெண் கொழுந்து எடுத்துவிட்டு வந்தால் இரவில் நித்திரை வேண்டும்தானே, எங்களுக்குப் புரிகிறது. ஆனால் தூங்கும் பிள்ளையின் வாயில் எச்சில் குறைவு, சீனி இரவு முழுக்கப் பல்லில் நிற்கும். முன்பல் நான்கும் கறுப்பாவது இதனால்தான். போத்தல்தான் வேண்டுமென்றால் வெறும் தண்ணீர் வையுங்கள். இரண்டு மூன்று இரவு அழும், பிறகு பழகிவிடும்.

"பால்பல்தானே" என்ற பேச்சை நாம் எல்லோரும் சேர்ந்து நிறுத்த வேண்டும். இருபது பாற்பற்களும் பன்னிரண்டு வயது வரைக்கும் வேலை செய்பவை. பல் வலிக்கிற பிள்ளை சாப்பிடாது, தூங்காது, எடை ஏறாது. மிட்வைஃப் மாதா மாதம் நிறுத்துப் பார்த்து எடை குறைவு என்று திரிபோஷ எழுதிக் கொடுக்கிறார். அந்தத் திரிபோஷவை மெல்ல முடியாதபடி வாயில் சீழ் இருக்கிறதா என்று பார்க்க அட்டையில் ஒரு கோடு போதும். பாற்பல் முன்கூட்டியே போனால் அதன் இடத்துக்குப் பக்கத்துப் பல் சாய்ந்து வந்துவிடும், பின்னால் முளைப்பது கோணலாக முளைக்கும்.

பெரிய பிள்ளைகளுக்கு வருவோம். பதின்மூன்று வயதோடு பாடசாலைப் பற்சிகிச்சையாளரின் எல்லை முடிகிறது, அந்த வயதில்தான் பையன் கடைத்தெருவுக்குப் போகிறான். நிறத்தண்ணீர்ப் போத்தலில் 100 மில்லிலீற்றருக்கு 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு அடையாளம் போட வேண்டும் என்று 2016இல் சட்டம் வந்தது, அதைக் கவனித்துப் பார்க்கச் சொல்லிக் கொடுங்கள். அதைவிடப் பயங்கரம் பாக்கு. முகத்துவாரத்தில் நம் பிள்ளைகள் இருந்த அறையின் வாசற்படியிலேயே சிவப்புத் துப்பல். பாபுல் போட்டால் கடையில் பத்து மணிநேரம் நிற்கலாம் என்கிறார்கள். புகையிலை சேராத வெறும் பாக்கே புற்றுநோய் தரும் என்று சர்வதேச புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2004இல் அறிவித்துவிட்டது. இந்த நாட்டு ஆண்களுக்கு வருகிற புற்றுநோயில் முதலிடம் வாய்ப் புற்றுநோய்க்கு. வெற்றிலை நம் வழக்கம் என்று வாதாட வேண்டாம். பெரியவர்கள் மெல்லுவதைப் பார்த்துத்தான் பன்னிரண்டு வயதில் எடுக்கிறான்.

"சம்பளம் இருக்கிறது, காணி இருக்கிறது, வீடு இருக்கிறது, இப்போது பல்லா?" என்று கேட்பார்கள். சங்கத்துக்குள்ளேயே கேட்டார்கள். நாங்கள் சொல்வது, இதுவும் சம்பளப் பிரச்சினைதான். பிள்ளையின் பல்லுக்காக ஒரு தாய் இழக்கிற நாட்சம்பளத்தைப் பற்றித்தான் பேசுகிறோம். நம் சங்கம் இதுவரை கொடுத்த எந்தக் கோரிக்கைப் பட்டியலிலாவது பல் என்ற சொல் இருந்ததா என்று பழைய பிரதிகளைப் புரட்டினோம். நாங்கள் பார்த்தவரையில் இல்லை. துரையை மட்டும் கேட்க முடியாது, நம்மையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

டிஸ்பென்சரியில் பல் கதிரை இல்லை, கரண்ட் நம்ப முடியாது என்ற சாக்கும் இனிச் செல்லாது. மெஷின் இல்லாமல் கைக்கருவியால் சுரண்டி அடைக்கும் முறை இருக்கிறது. சூத்தையில் ஒரு சொட்டு வைத்தால் அது மேலே பரவாமல் நிறுத்தும் வெள்ளி டையமின் புளோரைட் என்ற மருந்து இருக்கிறது. இடம் கறுத்துப் போகும், ஆனால் ஊசி இல்லை, துளை இல்லை, பிள்ளை அழாது. அடைக்கும் பசை, இந்த மருந்து, புளோரைட் பற்பசை மூன்றையும் உலக சுகாதார நிறுவனம் 2021இல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்துவிட்டது. பிள்ளை மடுவத்து மேசை ஒன்றும் ஒரு டோர்ச் லைட்டும் இருந்தால் பயிற்சி பெற்ற ஒருவர் காலையில் வந்து மத்தியானத்துக்குள் ஒரு பிரிவையே பார்த்து முடிக்கலாம்.

இன்னொரு வேடிக்கை. பற்பசையில் போடுகிற புளோரைட்டைத் தேயிலைச் செடி மண்ணிலிருந்து உறிஞ்சி இலையில் சேர்த்து வைக்கிறது, முற்றிய இலையில் அதிகமாக. கூடை கூடையாக அதைப் பறித்துக் கொடுக்கிற கைக்குச் சொந்தமான பிள்ளைக்குப் பற்பசை இல்லை. (அதற்காகப் பிள்ளைக்குத் தேத்தண்ணி கூடக் கொடுத்துவிடாதீர்கள், இரத்தச் சோகை இருக்கிற பிள்ளைக்கு அது கூடாது. சீனியும் சேர்ந்து போகும்.)

ஆகவே வரும் மாவட்டக் கமிட்டிக்கு நாங்கள் கொண்டுவருகிற தீர்மானம் இது. பற்சிகிச்சையாளர் ஒவ்வொரு தோட்டப் பாடசாலைக்கும் வரும் நாளைச் சுகாதாரத் திணைக்களம் வருடத் தொடக்கத்திலேயே எழுத்தில் கொடுக்க வேண்டும், ஏற்றி இறக்கும் வாகனம் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பு. அனுப்பப்பட்ட பிள்ளையோடு டவுனுக்குப் போகிற தாய்க்கோ தகப்பனுக்கோ அன்று பேர் போட வேண்டும், வைத்தியசாலைத் துண்டு அத்தாட்சி. பிள்ளை மடுவத்தில் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆயம்மா பல் துலக்கிவிட பிரஷ்ஷும் பற்பசையும் மடுவச் செலவில் சேர வேண்டும், மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளைகளின் வாயையும் அங்கேயே பார்க்க வேண்டும். கர்ப்பிணித் தாய்மாருக்குப் பல் பரிசோதனை நாட்டுத் திட்டத்தில் ஏற்கனவே இருக்கிறது. அதைத் தோட்டத்திலும் நடத்தினால் போதும். எங்கள் பங்குக்கு, பிறந்தநாளுக்கு வகுப்பில் டொபி கொடுக்கும் பழக்கத்தை நிறுத்துகிறோம். பிள்ளைகள் எங்களைத் திட்டுவார்கள், பரவாயில்லை.

முகத்துவாரத்திலிருந்து திரும்பி வந்ததும் பாடசாலையில் பழைய மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டைத் தேடி எடுத்தோம். அந்தப் பையனின் பெயர் நான்காம் தரத்தில் இருந்தது. பெயருக்கு நேரே பல், சிகிச்சைக்கு அனுப்பவும் என்று எழுதியிருந்தது. அனுப்பிய தேதிக்கான கட்டத்தில் ஒன்றுமில்லை. அதே பக்கத்தில் அதே மாதிரி இன்னும் பல பெயர்கள்.

தோட்டத் தலைவர்களும் மாதர் சங்கத் தலைவிகளும் தங்கள் பிரிவுப் பாடசாலைக்குப் போய் அதிபரிடம் அந்தப் பதிவேட்டைக் காட்டச் சொல்லுங்கள். பெயர் வேண்டாம், இரண்டு எண் மட்டும் போதும்: பல்லுக்காக அனுப்பச் சொன்ன பிள்ளைகள் எத்தனை, உண்மையில் போய்வந்த பிள்ளைகள் எத்தனை. ஒரு துண்டில் எழுதி, கமிட்டிக்கு வரும்போது கையோடு கொண்டு வாருங்கள்.